வீடு தன்னது, மனை பிறரது: பார்படோஸ் தீவில் வீட்டுடைமையின் வரலாறு

சொத்து என்று ஒன்றைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் சட்டம் முதலில் பார்ப்பது அது இடம் பெயரக்கூடியதா, பெயராததா என்பதைத்தான். தமிழ்நாட்டுப் பத்திரங்களில் ‘ஸ்தாவர, ஜங்கம சொத்துகள்’ என்று எழுதப்படும் அந்தப் பாகுபாட்டில் நிலமும் அதன்மேல் எழுந்த கட்டடமும் ஒரு பக்கம் நிற்க, ஆடுமாடு, நகைநட்டு, பண்டபாத்திரம் எல்லாம் மறுபக்கம் நிற்கும். ஆங்கிலச் சட்டத்தில் இந்த இரண்டாம் வகைக்குச் ‘சாட்டல்’ என்று பெயர். கரீபியத் தீவு வரிசைக்குச் சற்றுக் கிழக்கே, அட்லாண்டிக் கடலில் தனித்து நிற்கும் பார்படோஸ் தீவில் அடிமை முறை ஒழிந்த காலந்தொட்டு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் எளிய மக்களின் வீடு இந்த இரண்டாம் வகையில், பண்டபாத்திரத்தோடு சேர்ந்தே எண்ணப்பட்டது. வீடு குடியிருப்பவருடையது, அது நின்ற மனை தோட்ட முதலாளியுடையது என்ற ஏற்பாட்டில், போ என்று சொன்னால் வீட்டையும் கழற்றி எடுத்துக்கொண்டு போகவேண்டியிருந்ததால், அந்த வீட்டுக்குச் ‘சாட்டல் வீடு’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. அதே தீவின் மேற்குக் கரையில் இன்று வெளிநாட்டுச் செல்வர்கள் பல லட்சம் டாலருக்குக் கடலோர மாளிகை வாங்குகிறார்கள். இந்த இரண்டு வகை வீடுகளையும் தனித்தனிக் கதைகளாக எழுதுவது வழக்கமானாலும், இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே நிலம் என்பதால், ஒன்றை விட்டு மற்றொன்றைப் புரிந்துகொள்ள முடியாது.

தீவு சிறியது, 430 சதுர கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான பரப்பு. பவளப் பாறையாலான சுண்ணாம்புக்கல் அதன் பெரும்பகுதியை மூடியிருக்கிறது. 1627 பிப்ரவரியில் ‘வில்லியம் அண்ட் ஜான்’ என்ற கப்பலில் வந்த ஆங்கிலேயர் மேற்குக் கரையில், இன்று ஹோல்டவுன் எனப்படும் இடத்தில், முதற்குடியேற்றத்தை அமைத்தபோது தீவு அடர்ந்த காடாக இருந்தது. முதலில் புகையிலையும் பருத்தியும் பயிரிட்டவர்கள், 1640களில் பிரேசிலிலிருந்து கற்ற முறைப்படி கரும்புக்கு மாறினர். கரும்பு வந்த வேகத்தில் காடு போயிற்று. ஒரு தலைமுறைக் காலத்துக்குள் மரங்கள் பெரும்பாலும் வெட்டப்பட்டு, கரும்பாலைக்கு விறகுகூடத் தட்டுப்பாடாயிற்று. சிறு துண்டுகளாக இருந்த நிலங்கள் பெருந்தோட்டங்களாகத் திரண்டன. தீவில் அரசுக்கென்று புறம்போக்கு நிலம் என எதுவும் மிஞ்சாமல், பயிரேறும் மண் முழுவதும் தனியார் தோட்டங்களுக்குள் அடங்கிவிட்டது. மரமும் இல்லை, மிச்ச நிலமும் இல்லை என்ற இந்த இரண்டு இன்மைகளே பிற்காலத்து வீட்டின் உருவத்தை முடிவுசெய்தன.

அக்காலத்துத் தோட்ட முதலாளிகளின் வீடுகளில் இரண்டு இன்றும் நிற்கின்றன. 1650களில் கட்டப்பட்ட டிராக்ஸ் ஹாலும் செயின்ட் நிக்கலஸ் அபியும் இங்கிலாந்தின் ஜேகோபியப் பாணியில், அதாவது முதலாம் ஜேம்ஸ் மன்னரின் காலத்தில் வழங்கிய வளைந்த முகப்புச் சுவர்களோடும் செங்குத்தான கூரைகளோடும் எழுந்தவை. செயின்ட் நிக்கலஸ் அபியில் கணப்படுப்புகளும் உண்டு என்பது, ஆண்டு முழுவதும் வியர்க்கும் ஊரில் அந்த வீட்டைக் கட்டியவரின் மனம் எங்கே இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது. அடிமைகளோ மண்ணும் மிலாறும் சேர்த்து எழுப்பிக் கரும்புச் சோகை வேய்ந்த குடிசைகளில் தங்கவைக்கப்பட்டனர். அந்தக் குடிசைகளைச் சொத்துக் கணக்கில் யாரும் பெரிதாக மதிப்பிடவில்லை. மதிப்பிடப்பட்டவர்கள் குடிசைக்குள் இருந்த மனிதர்கள். 1668இல் தீவின் சட்டமன்றம் இயற்றிய ஒரு சட்டம், ஆப்பிரிக்க அடிமைகளை அசையாச் சொத்து என்று அறிவித்தது. தோட்ட முதலாளி இறந்தால் நிலம் ஒரு வாரிசுக்கும் அடிமைகள் வேறொருவருக்கும் பிரிந்துபோய், உழைக்க ஆளில்லாத வெறும் மண்ணாக நிலம் நின்றுவிடக் கூடாது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நடந்து திரியும் மனிதனை நிலத்தோடு ஒட்டிய பொருளாக்கிய அதே தீவில், அவனது பேரன்களின் வீடு நிலத்தோடு ஒட்டாத பொருளாகப் பின்னர் ஆக்கப்பட்டது. இரண்டும் ஒரே தேவைக்காகச் செய்யப்பட்டவை: உழைப்பு தோட்டத்தை விட்டு வெளியேறக் கூடாது.

வந்து தங்கிப் போகிறவர்களுக்குத் தீவு என்றுமே கதவடைத்ததில்லை. நுரையீரல் நோயாளிகளுக்கு அதன் கடற்காற்று நல்லது என்ற பேச்சு 18ஆம் நூற்றாண்டிலேயே பரவியிருந்தது. 1751இல் அப்போது 19 வயது இளைஞராக இருந்த ஜார்ஜ் வாஷிங்டன், காசநோயால் வாடிய தம் அண்ணன் லாரன்ஸுடன் வந்து, தலைநகரான பிரிட்ஜ்டவுனுக்கு அருகே கோட்டைத் தளபதி ஒருவரின் வீட்டை மாதம் 15 பவுனுக்கு வாடகைக்கு எடுத்தார். மதுவும் துணி வெளுப்பதும் அதில் சேராது என்ற நிபந்தனையையும், வாடகை மிக அதிகம் என்ற முணுமுணுப்பையும் அவர் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். அண்ணனுக்கு நோய் தீரவில்லை. தம்பிக்கு அம்மை போட்டது. பிற்காலத்தில் அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவரான அவர் வாழ்நாளில் வெளிநாடு என்று சென்றது இந்த ஒரு தீவுக்குத்தான். அந்த வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அது நிற்கும் படைக்குடியிருப்புப் பகுதியும் பழைய பிரிட்ஜ்டவுனும் சேர்ந்து 2011இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

நகரத்தில் கப்பல் அதிகாரிகள் தங்கிய விடுதிகள் சிலவற்றை விடுதலை பெற்ற கலப்பினப் பெண்கள் நடத்தினர். அவர்களில் பேர் பெற்றவரான ரேச்சல் பிரிங்கிள் போல்கிரீன், அடிமையாகப் பிறந்து, 1791இல் இறக்கும்போது பிரிட்ஜ்டவுனில் வீடுகளுக்குச் சொந்தக்காரராக இருந்தார். அடிமைகளுக்கும் அவர் சொந்தக்காரராக இருந்தார் என்பதை அவரைப் போற்றி எழுதுவோர் சில வேளைகளில் விட்டுவிடுகிறார்கள். நிலமும் வீடும் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு நகரத்தில் கிடைக்க வழி இருந்தது; தோட்டத்துக்குள் அந்த வழி இல்லை.

1834 ஆகஸ்ட் 1 அன்று பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறை சட்டப்படி முடிந்தபோது பார்படோஸில் ஏறத்தாழ 83,000 பேர் விடுதலைக்கு உரியவராயினர். நான்காண்டுக் காலம் ‘பயிற்சிப் பணி’ என்ற பெயரில் அதே முதலாளியிடம் கூலியின்றி உழைக்கவைக்கப்பட்ட பின், 1838 ஆகஸ்ட் 1இல்தான் முழு விடுதலை வந்தது. இழப்பீடு விடுதலை பெற்றவர்களுக்கு அல்ல, அவர்களை இழந்தவர்களுக்கு வழங்கப்பட்டது. பேரரசு முழுவதற்கும் ஒதுக்கிய 2 கோடிப் பவுனில், டிராக்ஸ் ஹாலின் அன்றைய உரிமையாளர் 189 பேருக்காகப் பெற்ற தொகை 4,293 பவுன் 12 ஷில்லிங் 6 பென்ஸ். ஆறு பென்ஸ் வரை கணக்குப் பார்த்த அந்த ஏற்பாட்டில், விடுதலையானவர் அடுத்த நாள் காலையில் எங்கே கண்விழிப்பார் என்பதற்கு ஒரு வரியும் இல்லை.

ஜமைக்காவிலும் கயானாவிலும் டிரினிடாடிலும் மலைச்சரிவோ கைவிட்ட தோட்டமோ ஆளில்லா நிலமோ இருந்ததால், விடுதலை பெற்றவர்கள் விலகிச் சென்று தமக்கென ஊர்களை அமைத்துக்கொள்ள முடிந்தது. பார்படோஸில் போக இடமில்லை. இந்த நெருக்கடியைத் தோட்டக்காரர்கள் நன்றாகவே பயன்படுத்தினர். 1840இல் வந்த முதலாளி–வேலையாள் சட்டத்தின்படி, தோட்டத்து மனையில் குடியிருப்பவர் அந்தத் தோட்டத்துக்கே வேலை செய்யக் கடமைப்பட்டவர். வேறு தோட்டத்தில் கூலி கூடக் கிடைத்தாலும் போக முடியாது. வேலைக்கு வரத் தவறினாலும் முதலாளியோடு முரண்பட்டாலும் நான்கு வார அறிவிப்பில் மனையைக் காலிசெய்ய வேண்டும். இத்தகையவர் ‘இருத்தப்பட்ட தொழிலாளர்’ எனப்பட்டார். வெளியாளுக்குக் கிடைத்ததைவிடக் குறைந்த கூலியே இவருக்குக் கிடைத்தது. இந்தச் சட்டம் 1937 வரை நூலேட்டில் இருந்தது. தோட்டத்தின் ஓரத்தில், கலப்பை இறங்காத பாறைப்பாங்கான தரிசில் இவர்களுக்கு மனை ஒதுக்கப்பட்டது. அந்தத் தரிசுக்குத் தீவின் வழக்கில் ‘ராப் நிலம்’ என்று பெயர். இப்படி மனைகள் சேர்ந்த குடியிருப்பை ‘டெனன்ட்ரி’ என்றும், ஒரு குடும்பத்தின் மனையை ‘ஹவுஸ் ஸ்பாட்’ என்றும் இன்றும் சொல்கிறார்கள். தமிழில் இதற்கு நேரான சொல் இருக்கிறது: அடிமனை. கோயில் நிலத்தில் சொந்தச் செலவில் வீடு கட்டி, தரைக்கு மட்டும் வாடகை செலுத்தி வருவோருக்கு இந்த ஏற்பாட்டை விளக்கவே வேண்டாம். பார்படோஸின் அடிமனை வாடகை மட்டும் காசாக அன்றி, முதன்மையாக உழைப்பாகத் தண்டப்பட்டது.

சாட்டல் வீடு இந்த நான்கு வார அறிவிப்பிலிருந்து பிறந்தது. கல்லிலும் சுண்ணாம்பிலும் வீடு கட்டினால் அது சட்டப்படி நிலத்தோடு சேர்ந்துவிடும். வெளியேறும் நாளில் கட்டியவருக்கு ஒன்றும் மிஞ்சாது. தரையோடு ஒட்டாமல், வெறுமனே தரைமேல் உட்கார்ந்திருக்கும் வீடாக இருந்தால் அது பிரித்தெடுக்கக் கூடிய பொருள். ஆகவே அடித்தளம் தோண்டப்படுவதில்லை. பவளப் பாறைத் துண்டுகளைச் சாந்து பூசாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவற்றின்மேல் மரச்சட்டகம் ஏற்றிவைக்கப்பட்டது. சரிவான ராப் நிலத்தில் கற்களைக் கூட்டியும் குறைத்தும் மட்டம் பார்த்துக்கொள்ளலாம். மழைநீர் அடியில் ஓடிவிடும். காற்று புகுந்து பலகையை உலர்த்தும். வாசற்படியும் கட்டப்பட்டதல்ல, தூக்கிவைத்த கல்.

தீவில் மரம் இல்லாததால் பலகை வட அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பைன் மரம். அது எந்த நீளத்தில் வந்ததோ அந்த நீளமே வீட்டின் அளவானது. வெட்டி வீணாக்க யாருக்கும் வசதியில்லை என்பதால் 16 அடிக்கு 8, 18 அடிக்கு 9, 20 அடிக்கு 10 என்று, நீளத்தில் பாதி அகலமாக வீடுகள் அமைந்தன. நடுவில் கதவு, இரு புறமும் ஒவ்வொரு சன்னல். இந்த ஒழுங்கில் தோட்டத்துப் பெரிய வீட்டின் முகப்பைக் கைக்கடக்கமாக்கிய சாயல் தெரியும். உள்ளே ஒரு தடுப்பு. அதன் ஒரு பக்கம் ‘முன்வீடு’ எனப்பட்ட கூடம், மறுபக்கம் படுக்கும் இடம். கூரை செங்குத்தானது, தாழ்வாரம் மிகக் குறுகியது. அகன்ற தாழ்வாரத்துக்கு அடியில் புயற்காற்று புகுந்தால் கூரையையே நெம்பித் தூக்கிவிடும் என்பதைத் தீவின் தச்சர்கள் எந்தப் பள்ளியிலும் படிக்காமல் அறிந்திருந்தனர். 1831 ஆகஸ்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்ற புயல் அந்தத் தலைமுறையின் நினைவில் இருந்தது.

சன்னலில்தான் தச்சரின் கைத்திறம் வெளிப்பட்டது. இரண்டு கதவுகள் பக்கவாட்டில் திறக்க, அவற்றுக்கு மேலே மூன்றாவது ஒன்று மேல்விளிம்பில் கீல் பொருத்தப்பட்டு வெளிப்புறமாகத் தள்ளித் திறக்கும். மூன்றிலும் சாய்த்து நிமிர்த்தக்கூடிய மரப்பட்டிகள். வெயில் ஏறும்போது மேற்கதவை மட்டும் தள்ளிவிட்டால் நிழலும் காற்றும் கிடைக்கும். தூறலில் பட்டியைச் சாய்த்தால் நீர் உள்ளே வராது. புயல் என்றால் மூன்றையும் சாத்திக் கட்டையிடலாம். சன்னலுக்கு மேலே மணி வடிவில் வளைந்த சிறு கவிகை ஒன்றும், கூரை விளிம்பில் துளையிட்ட மரச்சரிகை வேலையும் சேர்ந்துகொண்டன. நாளை காலிசெய்யச் சொல்லலாம் என்று தெரிந்தே ஒருவர் தம் கூரை விளிம்பில் ரம்பத்தால் பூவேலை செய்திருக்கிறார். இந்த வீடுகளை வறுமையின் சின்னமாக மட்டும் பார்க்கும் எழுத்தாளர்கள் இந்த மரச்சரிகைக்கு என்ன விளக்கம் தருவார்கள் என்பது தெரியவில்லை.

குடும்பம் பெருகி, கையில் காசு சேர்ந்தால் வீடு பின்பக்கமாக வளரும். முதல் வீட்டுக்குப் பின்னால் அதே அளவில் இன்னொரு கூரை. அதற்கும் பின்னால் ஒருபுறம் சரிந்த கூரையோடு சமையலறை. கொல்லையைச் சுற்றித் தகர வேலி. மனையை விட்டுப் போகச் சொன்னால் இந்த வளர்ச்சி அப்படியே பின்னோக்கி நடக்கும். கூரை முதலில் இறங்கும். சுவர்கள் பக்கம் பக்கமாகக் கழற்றப்பட்டு வண்டியில், பின்னாளில் லாரியில், அடுக்கப்படும். அண்டை அயலார் கைகொடுக்க, விடிந்ததும் பிரித்த வீட்டைப் பொழுது சாய்வதற்குள் வேறொரு மனையில் எழுப்பிவிடுவார்கள். இந்த எளிமையை வியந்து எழுதுவது சுற்றுலாக் கையேடுகளுக்கு மிகவும் பிடித்த வேலை. ஒரே நாளில் பிரித்து ஏற்றக் கூடிய வீட்டை ஒருவர் விரும்பிக் கட்டுவதற்கும், அப்படிக் கட்டாவிட்டால் இழந்துவிடுவோம் என்று கட்டுவதற்கும் இடையே உள்ள தொலைவை அந்தக் கையேடுகள் அளப்பதில்லை.

மனையையும் சேர்த்து வாங்கியவர்கள் தொடக்கத்தில் மிகச் சிலர். செயின்ட் தாமஸ் வட்டத்தில் உள்ள ராக் ஹால், விடுதலை பெற்றவர்கள் சொந்த நிலத்தில் அமைத்த முதல் ஊராகப் போற்றப்படுகிறது; மவுண்ட் வில்டன் தோட்டத்தின் உரிமையாளர் தம் அடிமைகளுக்கு உயிலில் எழுதிவைத்த பணம் நெடுங்காலம் கழித்துக் கைக்கு வந்தபோது, அதைக் கொண்டு அவர்கள் வாங்கிய நிலம் அது. பொதுவான மாற்றம் வர, இரண்டு தொலைதூர நிகழ்ச்சிகள் தேவைப்பட்டன. ஐரோப்பாவில் பீட்ரூட் சர்க்கரை பெருகி 1880களில் கரும்புச் சர்க்கரையின் விலை சரிந்தது. கடனில் மூழ்கிய சில தோட்டங்களைத் தரகர்கள் வாங்கித் துண்டு போட்டு விற்கத் தொடங்கினர். ஆனால் வாங்குவதற்கு உள்ளூர்க் கூலியில் பணம் ஏது? அந்தப் பணம் பனாமாவிலிருந்து வந்தது.

1904 முதல் 1914 வரை அமெரிக்கர்கள் பனாமாக் கால்வாயை வெட்டியபோது பார்படோஸிலிருந்து ஏறத்தாழ 20,000 ஆண்கள் ஒப்பந்தத்தில் சென்றனர். தாமாகக் கப்பலேறிச் சென்றவர்கள் அதற்கும் மேல். அங்கே வெள்ளைக்காரருக்குத் தங்கக் காசிலும் கறுப்பினத்தவருக்கு வெள்ளிக் காசிலும் சம்பளம் என்று இரண்டு பட்டியல்கள் இருந்தன. மணிக்கு 10 சென்ட் என்ற வெள்ளிப்பட்டியல் கூலி, வெடிவிபத்துக்கும் மண்சரிவுக்கும் காய்ச்சலுக்கும் இடையே சம்பாதிக்கப்பட்டதானாலும், கரும்புக் காட்டுக் கூலியோடு ஒப்பிட்டால் பெரிது. அஞ்சல் பண ஆணையாகவும் திரும்பி வந்தவரின் பெட்டியிலும் சேர்ந்த இதைத் தீவு ‘பனாமாப் பணம்’ என்றே அழைத்தது. துண்டு போட்ட தோட்டங்களில் மனை வாங்கவும், சாட்டல் வீட்டுக்குப் புதிய பலகையும் தகரக் கூரையும் போடவும் இப்பணம் பயன்பட்டது. வெளிநாடு போகாதவர்கள் ‘மீட்டிங் டர்ன்’ போட்டுச் சேர்த்தனர். வாரந்தோறும் எல்லோரும் ஒரே தொகையைக் கட்டி, முறை வைத்து ஒவ்வொருவராக மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளும் அது, தமிழர் அறிந்த சீட்டேதான். சொந்த மனை கிடைத்தவுடன் எல்லோரும் கல்வீடு கட்டிவிடவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. மரவீட்டையே கொண்டுவந்து வைத்து, வசதி வந்தபோது பின்கட்டை மட்டும் கல்லில் மாற்றி, மெல்ல முன்னோக்கி வந்து, கடைசியில்தான் மரமுகப்பைக் கழற்றினர். கல்லாலும் காங்கிரீட்டாலும் ஆன அத்தகைய வீட்டைத் தீவில் ‘சுவர் வீடு’ என்பார்கள். அந்தப் பெயருக்குள்ளேயே ஓர் அந்தஸ்து அடங்கியிருந்தது.

தோட்டத்து டெனன்ட்ரிகளில் இருந்த பெரும்பான்மையோருக்கு இந்த வாய்ப்பு எட்டவில்லை. 1937 ஜூலையில் தொழிலாளர் தலைவர் கிளெமென்ட் பெய்ன் நாடு கடத்தப்பட்டதை அடுத்து எழுந்த கலவரத்தில் 14 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். தொடர்ந்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு வந்த மோய்ன் குழு என்ற பிரிட்டிஷ் விசாரணைக் குழு, மக்கள் குடியிருந்த நிலையைக் கடுமையாகவே பதிவுசெய்தது. 1955 செப்டம்பரில் ஜேனட் புயல் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான சிறு வீடுகளைப் பெயர்த்தெறிந்தது; தரையோடு ஒட்டாத வீட்டின் பலம் எதுவோ அதுவே அன்று அதன் பலவீனமாயிற்று. வீட்டுவசதிக்கென அரசு அமைப்புகள் அக்காலத்தில் உருவாயின. ஆனால் அடிமனைச் சிக்கல் விடுதலைக்குப் பின்னும், அதாவது 1966 நவம்பர் 30இல் பார்படோஸ் தனிநாடான பின்னும், பதினான்கு ஆண்டுகள் அப்படியே கிடந்தது.

1980இல் டாம் ஆடம்ஸ் தலைமையிலான அரசு கொண்டுவந்த டெனன்ட்ரி மனை வாங்குரிமைச் சட்டம், தீவின் நில வரலாற்றில் அடிமை விடுதலைச் சட்டத்துக்கு அடுத்து வைத்து எண்ணத்தக்கது. தோட்டத்து டெனன்ட்ரியில் ஐந்தாண்டுகள் குடியிருந்தவர், தம் மனையைச் சதுர அடிக்குப் பத்து சென்ட் விலையில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். முதலாளி மறுக்க முடியாது. பார்படோஸ் டாலர் இரண்டு சேர்ந்தால் ஓர் அமெரிக்க டாலர் என்ற நிலையான மதிப்பில், 5,000 சதுர அடி மனை 250 அமெரிக்க டாலருக்குக் கிடைத்தது. நில உடைமையாளர்கள் இதைப் பறிமுதல் என்றனர். மூன்று தலைமுறை உழைப்பு ஏற்கெனவே அந்த மனைக்கு வாடகையாகச் சென்றிருக்க, மேலும் 250 டாலர் எதற்கு என்று கேட்டவர்களும் இருந்திருக்க வேண்டும். நகர்ப்புற டெனன்ட்ரிகளுக்கு இந்தச் சலுகை விலை பொருந்தவில்லை. அங்கே சந்தை மதிப்பையொட்டி விலை வைக்கப்பட்டதால் வேலை மெதுவாகவே நடந்தது. எப்படியானாலும், 1840இன் நான்கு வார அறிவிப்பு விட்டுச்சென்ற வெளியேற்ற அச்சம் 140 ஆண்டுகள் கழித்து நீங்கியது. சாட்டல் வீடுகள் அதன்பின் இடம்பெயர வேண்டிய தேவையில்லாமல், நின்ற இடத்திலேயே வேரூன்றத் தொடங்கின.

இதே கால அளவில் மேற்குக் கரையில் நடந்தது வேறு. கரும்பு விளையாத மணற்பாங்கான கடலோரத்தைத் தோட்டக்காரர்கள் பெரிதாக மதித்ததில்லை. தொட்டாலும் தோல் கொப்புளிக்கும் நச்சுப் பாலுள்ள மஞ்சினீல் மரங்கள் அங்கே செழித்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விடுதிகள் எழுந்தவை காற்று வீசும் கிழக்கு, தென்கிழக்குப் பக்கங்களில்தான். 1887இல் திறந்த கிரேன் விடுதி இன்றும் இயங்குகிறது. மேற்குக் கரையின் தலையெழுத்தை மாற்றியவர் ரொனால்ட் ட்ரீ என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர். அமெரிக்க வணிகச் செல்வத்தின் வாரிசான அவர், தேர்தலில் தோற்று அரசியலை விட்டு வந்து, 1947இல் ஹெரன் பே என்ற பவளக்கல் மாளிகையைக் கடலோரத்தில் கட்டினார். அடுத்து, சாண்டி லேன் என்ற பழைய கரும்புத் தோட்டத்தை வாங்கி, 1961இல் அங்கே விடுதி ஒன்றைத் திறந்து, சுற்றியுள்ள நிலத்தை மாளிகை மனைகளாக விற்றார். வந்தவர்களின் செல்வத்தைக் கண்டு அக்கரைக்குப் ‘பிளாட்டினக் கரை’ என்று பெயர் வந்தது. 1972இல் ட்ரீ தீவின் வரலாற்றையும் ஒரு நூலாக எழுதினார். வாங்கியவரே வரலாறும் எழுதும் வழக்கம் தீவுக்குப் புதிதல்ல.

1960களில் குடியேறிய நாடக அரங்க வடிவமைப்பாளர் ஆலிவர் மெசல் அந்த மாளிகைகளுக்கு ஒரு தோற்றம் தந்தார். பவளக்கல் தூண்கள், திறந்த கூடங்கள், சாம்பல் படிந்த இளம்பச்சைப் பூச்சு. அந்தப் பச்சைக்கே இன்று அவர் பெயர்தான். வெயிலையும் காற்றையும் பகுத்துத் தரும் மரப்பட்டிச் சன்னல்கள் இந்த மாளிகைகளிலும் ஏறின.

வெளிநாட்டவர் நிலம் வாங்குவதற்கு அண்டைத் தீவுகள் பலவற்றில் தனி உரிமம் வேண்டும். செயின்ட் லூசியாவிலும் ஆன்டிகுவாவிலும் அது இல்லாமல் பதிவே நடக்காது. பார்படோஸில் அத்தகைய உரிமம் கிடையாது. வெளியிலிருந்து கொண்டுவரும் பணத்தை மத்திய வங்கியில் பதிந்து, செலாவணிக் கட்டுப்பாட்டு அனுமதி பெற்றால் போதும். அப்படிப் பதிந்தால்தான் பின்னாளில் விற்ற பணத்தைத் திரும்ப எடுத்துச்செல்ல முடியும். சொத்து மாற்று வரி 2.5 சதவீதமும் முத்திரைத் தீர்வை 1 சதவீதமும் விற்பவர் தலையில் விழும். வாங்குபவர் கொடுக்க வேண்டியது வழக்கறிஞர் கட்டணம். பெரிய மாளிகைகள் பலவற்றை ஒரு நிறுவனத்தின் பெயரில் வைத்திருந்து, விற்கும்போது நிலத்தை மாற்றாமல் அந்த நிறுவனத்தின் பங்குகளை மட்டும் கைமாற்றும் வழக்கமும் உண்டு. பங்கு என்பது சட்டப்படி அசையும் சொத்து. ஏழையின் வீட்டை இடம்பெயர வைத்த அதே பாகுபாடு, செல்வரின் மாளிகையை இருந்த இடத்தில் இருந்தபடியே காகிதத்தில் இடம்பெயர வைக்கிறது. ஒன்றில் அது தண்டனை, மற்றொன்றில் வரிச்சலுகை.

இன்று ஹோல்டவுனில் சாட்டல் வீடுகளைப் போலவே கட்டி, மஞ்சளும் நீலமும் இளஞ்சிவப்பும் பூசி, நினைவுப் பொருள் விற்கும் கடைவரிசை ஒன்று இருக்கிறது. 2020 ஜூலையில் அறிவித்த ‘வெல்கம் ஸ்டாம்ப்’ நுழைவுரிமைப்படி, ஆண்டுக்கு 50,000 அமெரிக்க டாலர் வருமானம் காட்டி 2,000 டாலர் கட்டணம் செலுத்தும் எவரும் பன்னிரண்டு மாதம் தீவில் தங்கி, தம் நாட்டு வேலையைக் கணினியில் பார்க்கலாம். அப்படி வந்தவர்களில் சிலர் வாடகைக்கு எடுக்கும் வீடு, புதுப்பித்துக் குளிரூட்டி பொருத்திய சாட்டல் வீடாகவும் இருக்கும்.

உள்ளூர்க்காரருக்கு மனைத் தட்டுப்பாடு தீரவில்லை. 2024 ஏப்ரலில், வீடில்லாதோருக்குக் குடியிருப்பு அமைப்பதற்காக டிராக்ஸ் ஹால் தோட்டத்தில் 53 ஏக்கரைச் சந்தை விலைக்கு வாங்க அரசு பேச்சு நடத்தியது. கரும்பைத் தீவில் முதலில் பயிரிட்டவர்களில் ஒருவரான ஜேம்ஸ் டிராக்ஸின் வழித்தோன்றல்களிடமே தோட்டம் இன்றும் இருக்கிறது. 189 பேருக்காக ஒரு முறை பணம் வாங்கிய குடும்பத்துக்கு, அவர்களின் சந்ததியினர் குடியிருக்க மனை தருவதற்காக இன்னொரு முறை பணமா என்று எதிர்ப்பு கிளம்பியது. பிரதமர் மியா மோட்லி அந்தக் கொள்முதலை நிறுத்திவைப்பதாக அறிவித்தார்.